பாகம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வேதியியல் அந்நியமன்று



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், பழவேற்காட்டு முஸ்லிம் வீடுகளிலும் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலும் ஒரே கேள்விதான் பேசப்படுகிறது: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? அறிவியல் பிரிவு என்றதும் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். காரணம் கேட்டால், உயிரியலை மனனம் செய்துவிடலாம், இயற்பியலையும் ஒருவாறு சமாளித்துவிடலாம், வேதியியல் கணக்கு மட்டும் நம் பிள்ளைகளுக்கு வராது என்கின்றனர்.

இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் முதல் அலகே வேதிக் கணக்கீடுகள் பற்றியது. மோல், ஆக்சிஜனேற்ற எண், ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன்செய்தல், வேதிவினைக்கூறு விகிதம், வினைக்கட்டுப்பாட்டுக் காரணி ஆகிய அனைத்தும் அந்த ஓர் அலகிலேயே வந்து நிற்கின்றன. வாசற்படியிலேயே தடுக்கிய பிள்ளை உள்ளே நுழைவதற்கே அஞ்சுகிறது.

நாம் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பயின்று, பின்னர் மார்க்கக் கல்விக்கு வந்தவர். பல ஆண்டுகளாக மாலை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கணக்கை முறையாகக் கற்ற பிள்ளைக்கு, வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யும் கலையில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அதை அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார் இல்லை என்பதே குறை.

ஒரு தந்தையின் முடிவு

கடந்த ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த சில நாள்களில், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மைக் காண வந்தார். ஏரியில் பிடிபடும் நண்டையும் இறாலையும் மீனவரிடம் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரி. அவருடைய மகள் சிறு வயது முதல் நம்மிடம் ஓதியவள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள்.

"ஹஜ்ரத், பிள்ளை ராத்திரியெல்லாம் அழுவுது. கெமிஸ்ட்ரியில ஃபெயிலு. ஸ்கூலை நிறுத்திட்டு ஆலிமாவுக்குப் படிக்க வச்சிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு நல்ல மத்ரஸாவா பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

மார்க்கக் கல்விக்கு ஒரு பெண் வருகிறாள் என்றால் நாம் மகிழத்தான் வேண்டும். ஆனால், வேதியியலில் தோற்றவர் ஒதுங்கும் திண்ணையாக மார்க்கக் கல்வியை ஆக்குவது, கல்விக்கும் கண்ணியமன்று, அப்பெண்ணுக்கும் நீதியன்று. இரண்டு மாதம் அவகாசம் கேட்டோம். வெள்ளி தவிர்த்த மாலைகளில், மற்றப் பிள்ளைகள் ஓதிச் சென்றபின், அவளும் அவளுடைய இரண்டு தோழியரும் வேதியியல் நூலோடு அமர்ந்தனர். தோழியருள் ஒருத்தி அருகிலுள்ள குப்பத்தைச் சேர்ந்த மீனவக் குடும்பத்துப் பெண்.

இருபத்து நான்கு பங்கும் பத்து எலக்ட்ரானும்

முதல் நாள் நாம் வேதியியல் நூலைத் திறக்கவேயில்லை. கரும்பலகையில் ஒரு ஃபராயிள் கணக்கை எழுதினோம். ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு மரணித்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது மகனுக்கு. சொத்தை எத்தனை பங்காக்க வேண்டும்?

"இருபத்து நாலு ஹஜ்ரத்" என்று உடனே சொன்னாள். எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான மிகச் சிறிய எண் அது. மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17, கூட்டினால் 24. இந்த அடிப்படை எண்ணை அரபியில் அஸ்லுல் மஸ்அலா என்பர். யாருடைய பங்கும் பின்னமாக உடையாமல் முழு எண்ணாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேடுகிறோம்.

அதன் பின்னரே வேதியியலுக்கு வந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்யும் வினை ஒன்றை எடுத்தோம். ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசல், அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் துளித்துளியாக விழுந்து நிறம் இழக்கிறது. எலக்ட்ரானை இழத்தல் ஆக்சிஜனேற்றம். எலக்ட்ரானை ஏற்றல் ஒடுக்கம். பெர்மாங்கனேட்டில் உள்ள மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7 என்பதிலிருந்து +2 ஆகக் குறைகிறது. ஆக, அது 5 எலக்ட்ரான்களைப் பெறுகிறது. ஆக்சலேட்டில் இரண்டு கார்பன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் +3 என்பதிலிருந்து +4 ஆக உயர்கிறது. ஆக, ஓர் ஆக்சலேட்டு 2 எலக்ட்ரான்களைத் தருகிறது.

பெறுபவர் ஐந்தைந்தாகப் பெறுகிறார். தருபவர் இரண்டிரண்டாகத் தருகிறார். தந்தது முழுவதும் பெற்றவரிடம் சேர வேண்டும். நடுவில் ஒன்றும் தொலையக்கூடாது. இதன் அடிப்படை எண் என்ன?

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "பத்து" என்றாள் குப்பத்துப் பெண். ஐந்துக்கும் இரண்டுக்கும் பொதுவான சிறிய எண் பத்து. அப்படியானால் பெர்மாங்கனேட்டு 2, ஆக்சலேட்டு 5. எலக்ட்ரான் கணக்கு முடிந்தது. பிறகு மீதியுள்ள அணுக்களை எண்ணினோம். ஒருபுறம் 2 மாங்கனீசு, 10 கார்பன். மறுபுறமும் அவ்வாறே 2 மாங்கனீசு அயனி, 10 கார்பன் டைஆக்சைடு. ஆக்சிஜன் இடப்புறம் 28. வலப்புறம் கார்பன் டைஆக்சைடில் 20. எஞ்சிய 8 ஆக்சிஜனுக்கு 8 நீர் மூலக்கூறுகள். அந்த நீருக்கு வேண்டிய 16 ஹைட்ரஜன் அயனிகள் அமிலத்திலிருந்து வருகின்றன. இறுதியில் மின்சுமையையும் சரிபார்த்தோம்: இடப்புறம் +4, வலப்புறம் +4.

மனனம் செய்யச் சொல்லப்பட்டபோது அவளை அழவைத்த எண்கள் இவைதாம்: 2, 5, 16, 2, 10, 8. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்ததென்று தெரிந்தபின் மனனத்திற்கு அங்கு வேலையில்லை.

ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டென்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கணவனையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் விட்டு ஒரு பெண் மரணித்தால், கணவனுக்கு இரண்டில் ஒன்று, சகோதரியர்க்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்கில் 3-ம் 4-ம் சேர்ந்து 7 ஆகிவிடுகிறது. இத்தகைய இடத்தில் சொத்தை 7 பங்காக்கி, ஒவ்வொருவருடைய பங்கையும் விகிதப்படி சிறிது குறைப்பர். அவ்ல் எனப்படும் இம்முறை, உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் தீர்ப்பாக வந்தது. வேதியியலில் அவ்ல் இல்லை. எந்த அணுவும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு வினையில் சேராது. ஒரு பொருள் தீர்ந்ததும் வினை நின்றுவிடும்.

மூன்று படகு, இரண்டு ஆள்

அவ்வாறு முதலில் தீர்ந்துபோகும் பொருளைத்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கின்றனர். இந்தச் சொல்லின் நீளமே பிள்ளைகளை மிரட்டிவிடுகிறது. அன்று மகளை அழைத்துச் செல்லத் தந்தை வந்திருந்தார். அவரிடமே கேட்டோம்: "பாய், ஒரு படகுக்கு ஒரு வலையும் நாலு ஆளும் வேணும்னு வச்சுக்குங்க. கரையில நாலு படகு, அஞ்சு வலை, பதினாலு ஆளு இருக்காங்க. எத்தனை படகு போகும்?"

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மூணுதான் போகும் ஹஜ்ரத். ரெண்டு ஆளு கரையில நிப்பான். ஒரு படகும் ரெண்டு வலையும் சும்மா கிடக்கும்."

அதுவே பாடம். ஆட்கள்தாம் இங்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பதினான்கு என்பது எண்ணிக்கையில் எல்லாவற்றிலும் பெரியது; ஆயினும் முதலில் தீர்வது அதுவே. எடை அதிகமுள்ள பொருள் அதிகமாக இருக்கிறது என்று எண்ணி ஏமாறும் மாணவர்க்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. முதலில் ஒவ்வொரு பொருளின் எடையையும் மோலாக மாற்ற வேண்டும். பின்னர் சமன்பாடு கேட்கும் விகிதத்தால் வகுக்க வேண்டும். எது சிறியதோ அது முடிவு செய்யும். "நம்ம வாப்பாவுக்கே கெமிஸ்ட்ரி தெரியுது" என்று மகள் சிரித்தாள். அந்த வீட்டில் வேதியியலின் பெயரால் கேட்ட முதற் சிரிப்பு அதுவாகவே இருக்கும் என்று தந்தை பின்னர் சொன்னார்.

நம் ஊரில் வெந்த மருந்து

இக்கணக்குகள் எங்கோ தொலைவிலுள்ள ஆய்வகங்களுக்கு உரியவை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். பழவேற்காட்டுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கு கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் பழவேற்காடே. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு கம்பெனி வெடிமருந்து ஆலையும் நடத்தியது. இங்கு அரைத்த மருந்து, கடல் கடந்து கிழக்கத்தியத் தீவுகளிலிருந்த அதன் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் சென்றது. இன்று கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரரின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

வெடிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. பாடநூல்கள் இவ்வினையை எளிமையாக இவ்வாறு எழுதும்: 2 பொட்டாசியம் நைட்ரேட்டும் 1 கந்தகமும் 3 கார்பனும் சேர்ந்து, 1 பொட்டாசியம் சல்பைடும் 1 நைட்ரஜன் வாயுவும் 3 கார்பன் டைஆக்சைடும் ஆகின்றன.

பங்குக் கணக்கைப் பாருங்கள். நைட்ரஜன் +5 என்பதிலிருந்து 0 ஆகிறது. இரண்டு நைட்ரஜனும் பெறுவது 10 எலக்ட்ரான். கந்தகம் 0 என்பதிலிருந்து −2 ஆகிறது, பெறுவது 2. மொத்தம் 12. கார்பன் 0 என்பதிலிருந்து +4 ஆகிறது. ஒவ்வொன்றும் தருவது 4. மூன்றும் தருவது 12. கொடுத்தது 12, பெற்றது 12.

இனி எடை. 2 மோல் வெடியுப்பு 202 கிராம். 1 மோல் கந்தகம் 32 கிராம். 3 மோல் கார்பன் 36 கிராம். ஆக 270 கிராம். வலப்புறம் பொட்டாசியம் சல்பைடு 110, நைட்ரஜன் 28, கார்பன் டைஆக்சைடு 132, அதுவும் 270. நூற்றுக்குக் கணக்கிட்டால் வெடியுப்பு ஏறத்தாழ 75, கரி 13, கந்தகம் 12. ஐரோப்பியர் பிற்காலத்தில் நிலையான அளவாக வைத்துக்கொண்டது 75, 15, 10. அணுவென்றும் மோலென்றும் அறியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துச் சோதித்து அடைந்த அளவு, தாளில் போட்ட கணக்குக்கு இத்தனை அருகில் நிற்கிறது. சிறு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு: அடுப்புக் கரி தூய கார்பன் அன்று, உண்மையில் மருந்து எரியும்போது பொட்டாசியம் கார்பனேட்டு, சல்பேட்டு, கார்பன் மோனாக்சைடு முதலியனவும் உண்டாகின்றன.

வெடியுப்பின் வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களுக்கும் இடமுண்டு. 1248-இல் திமிஷ்கில் மரணித்த இப்னுல் பைத்தார், அதனைச் சீனத்துப் பனி என்னும் பெயரால் குறிப்பிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், மரச் சாம்பலைக் கொண்டு வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையையும், வெவ்வேறு அளவுகளில் மருந்து கலக்கும் முறைகளையும் எழுதி வைத்தார். பின்னர் பிரான்சில், 1775 முதல் அரசின் வெடிமருந்து நிர்வாகப் பொறுப்பில் இருந்த லவாய்சியர்தான், 1789-இல் வெளியிட்ட நூலில் வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்பதை வேதியியலின் அடித்தளமாக நிறுவினார். 1792-இல் ஜெர்மானியரான ரிக்டர் இந்த அளவுக் கணக்குக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று பெயரிட்டார்.

இதைச் சொல்லி முடித்த மாலையில் மாணவி கேட்டாள்: "ஹஜ்ரத், சமன்பாடு சரியா இருக்கு. ஆனா அந்த மருந்தால எத்தனை பேரு செத்திருப்பாங்க? அப்போ எது சமம்?"

பாடநூலில் இல்லாத கேள்வி அது. டச்சுக் கம்பெனி இக்கரையிலிருந்து வெடிமருந்தை மட்டும் ஏற்றவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட மக்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதன் கணக்கேடுகளில் வரவும் செலவும் சரியாகவே இருந்திருக்கும். நாம் அவளிடம் சொன்னது இதுதான்: வேதியியலின் தராசு அணுவை மட்டும் நிறுக்கும், அதில் பிழை வராது. அந்த மருந்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை நிறுக்கும் தராசு வேறு. அது மறுமையில் வைக்கப்படும் என்று நம்புகிறோம். முதல் தராசைக் கற்றவர் இரண்டாவதை மறந்தால் உலகுக்குக் கேடு. இரண்டாவதைப் பேசுபவர் முதலாவதைக் கல்லாமல் விட்டால், நம் கரையிலும் நம் ஏரியிலும் நடப்பது என்னவென்று நமக்கே தெரியாமற் போகும்.

ஏரியின் மூச்சை எண்ணுதல்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது நம் பழவேற்காடு ஏரி. கோடையில் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் கடல்நீரின் போக்குவரத்துக் குறைகிறது. நீர் சூடாகவும் உப்பு மிகுந்தும் ஆக ஆக, அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறையும். ஒரு லிட்டரில் 2 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் பெரும்பாலான மீன்கள் மூச்சுத் திணறும். மீன் செத்து மிதந்தபின் அறிவது அறிவாகாது. அதற்கு முன்பே அளக்க வேண்டும்.

அளக்கும் வழியும் ஓர் ஆக்சிஜனேற்ற ஒடுக்கக் கணக்கே. ஹங்கேரியரான விங்க்லர் 1888-இல் வகுத்த முறையில், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை முதலில் மாங்கனீசு பிடித்துக்கொள்கிறது. அமிலம் சேர்த்ததும் அதே அளவுக்கு அயோடின் வெளிப்படுகிறது. அந்த அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம். ஸ்டார்ச்சின் நீல நிறம் மறையும் துளியில் நிறுத்த வேண்டும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பெறுவது 4 எலக்ட்ரான். ஒரு தயோசல்பேட்டு தருவது 1. ஆகவே 32 கிராம் ஆக்சிஜனுக்கு 4 மோல் தயோசல்பேட்டு. 1 மில்லிமோலுக்கு 8 மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, 100 மில்லிலிட்டர் நீருக்கு 0.01 மோலார் கரைசலில் 6 மில்லிலிட்டர் செலவானால், அது 0.06 மில்லிமோல்; ஆக்சிஜன் 0.48 மில்லிகிராம், ஒரு லிட்டருக்கு 4.8 மில்லிகிராம்.

இக்கணக்கைப் போட்டு முடித்ததும் குப்பத்துப் பெண் நெடுநேரம் விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா தண்ணி கலரைப் பார்த்தே இன்னைக்கு மீன் நிக்காதுன்னு சொல்வாரு. அவரு சொல்றதை இதுல எழுதிக் காட்டலாம்போல" என்றாள். தந்தையின் அனுபவ அறிவு ஓர் எண்ணாகத் தாளில் நின்றால்தான் அலுவலகங்களில் அதற்குச் செவி கிடைக்கும் என்பதை அந்த வயதிலேயே அவள் புரிந்துகொண்டாள்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

திருக்குர்ஆனில் வேதியியல் சமன்பாடுகள் உள்ளன என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதி. ஆயினும் அர்ரஹ்மான் அத்தியாயம் தராசைப் பற்றிப் பேசுகிறது. அளவில் குறைப்போரை எச்சரிப்பதற்கென்றே அல்முதஃப்ஃபிஃபீன் என ஓர் அத்தியாயம் அருளப்பட்டுள்ளது. அந்நிஸா அத்தியாயம் ஒவ்வொருவருடைய பங்கையும் பின்னக் கணக்கோடு விதிக்கிறது. அளவைச் சரியாக வைப்பதை வணக்கமாகக் கருதும் சமுதாயத்தின் பிள்ளைகள், அளவைப் பற்றிய பாடத்தைக் கண்டு ஓடுவது பொருத்தமாகுமா?

ஆகவே மத்ரஸாவில் ஃபராயிள் நடத்தும் உஸ்தாதுமார்கள், அஸ்லுல் மஸ்அலாவைச் சொல்லும் நாளில், இதே முறைதான் பள்ளி வேதியியலிலும் வரும் என ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர், பிள்ளை முதல் தேர்வில் தவறியதும் பிரிவை மாற்றவோ படிப்பை நிறுத்தவோ விரைய வேண்டாம். விடையை அல்ல, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள். உங்கள் படகிலும் தராசிலும் அடுப்பிலும் உள்ள அளவுகளை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். வேதியியல் தெரியாதவர் என்று உங்களை நீங்களே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மாணவி அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் தேறினாள்; முதன்மையான மதிப்பெண் அன்று, ஆனால் அவளே போட்ட கணக்குகளால் வந்த மதிப்பெண். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பொதுத்தேர்வுக்குப் பின் ஆலிமா படிப்பா, கல்லூரியா என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று தந்தை சொல்லியிருக்கிறார். எதைத் தேர்ந்தாலும் தோற்று ஒதுங்கியவளாக அவள் அங்கு போகப் போவதில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனளிக்கும் கல்வியை அருள்வானாக. அளவிலும் நிறுவையிலும் நீதியிலும் அவர்களை நிலைநிறுத்துவானாக. ஆமீன்.